புதுக் காரும் 555 புத்தகமும்

கார் வாங்குவது இன்றைக்கு ஒரு பெரிய காரியமா என்று பட்டணத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். தோட்டத்தில் பிறந்து, லயத்து வீட்டில் வளர்ந்த எங்களுக்கு அது பெரிய காரியம்தான். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் புதுக் கார் வாங்கியதில்லை. தாத்தா காலத்தில் சைக்கிள். அப்பா காலத்தில் மூன்றாம் கை மாறி வந்த மோட்டார் சைக்கிள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத இருக்கையில் என் அம்மா முதன்முதலாக உட்கார்ந்தது 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் தேதி.

தெலுக் இந்தானில் ஓர் இரும்புக் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். அப்பா, செம்பனை ஆலைப் பட்டறையில் முப்பத்தோரு வருடம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காரின் விலை 42,000 வெள்ளி. அதில் 6,000 வெள்ளியை அப்பா தம் சேமநிதியில் மிச்சம் வைத்திருந்த பணத்திலிருந்து முன்பணமாகக் கொடுத்தார். மீதி 36,000 வெள்ளிக்கு என் பெயரில் வங்கிக் கடன். மாதம் 424 வெள்ளி, ஒன்பது வருடம்.

"எனக்கு எதுக்கும்மா இனிமே பணம்? உங்க அம்மாவ கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸுல ஏத்தி எறக்க முடியல. அதுக்காச்சும் ஆகட்டும்" என்றார் அப்பா.

எலுமிச்சம்பழத்தை நசுக்கி, சூடம் காட்டி, மாரியம்மன் கோயிலைச் சுற்றி வந்தோம். அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த மகிழ்ச்சி இருபத்தெட்டு நாள் நீடித்தது.

செப்டம்பர் 3ஆம் தேதி, சனிக்கிழமை. ஈப்போவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்டோம். தாப்பாவைத் தாண்டிக் கம்பாரை நெருங்கும்போது, ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று செத்துப் போனது. முன்னால் இருக்கும் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. எப்படியோ ஓரங்கட்டினேன். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அப்பா இறங்கி முன்மூடியைத் திறந்து, குனிந்து மோந்து பார்த்தார்.

"பிளாஸ்டிக் கருகுன வாடை அடிக்குது பாப்பா" என்றார்.

வெயிலில் இருபது நிமிடம் நின்றோம். பிறகு சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கார் கிளம்பியது!

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, கார் வாங்கிய இடத்துப் பட்டறைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த தம்பி தமிழ்ப் பையன்தான். மரியாதையாகப் பேசினான். ஒரு சின்னக் கணினியைக் காரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு குறையும் காட்டல. புதுக் காருதானே, கவலப்படாதீங்க" என்றான்.

அப்பா கருகிய வாடையைப் பற்றிச் சொன்னார். அவன் சிரித்தான். "அங்கிள், அது புதுக் கார் வாடை. நீங்க பாத்தது ஆலை மெஷினு, டிராக்டரு. இது முழுக்கக் கம்ப்யூட்டர். குறை இருந்தா அதுவே சொல்லிடும்" என்றான்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்தத் தம்பி கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும், ஆலையில் கொதிகலன் நின்றால் நடு இரவில் ஆள் அனுப்பிக் கூப்பிடப்பட்ட மனிதர் அவர். அந்த ஒரு வார்த்தை அவரை எப்படிக் குத்தியிருக்கும் என்று எண்ணி எண்ணி எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது தடவை செப்டம்பர் 19ஆம் தேதி. அம்மாவுக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கண் பார்க்கும் நாள். நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. கோப்பெங் அருகில் கார் நின்றது. டாக்சி பிடித்து ஓடியும் நேரம் கடந்துவிட்டது. மறு தேதி ஜனவரிக்குப் போனது. பட்டறையில் இந்தத் தடவை, பேட்டரி முனை தளர்ந்திருக்கிறது என்று இறுக்கிக் கொடுத்தார்கள்.

அன்றிரவு அம்மா ஒரு காரியம் செய்தார். அடுக்களை ஆணியில் தொங்கிய 555 புத்தகத்தை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார். மளிகைக் கடைப் பாக்கி எழுதும் புத்தகம்தான். நம் வீடுகளில் அது இல்லாத வீடு உண்டா? முதல் பாதியில் மைசூர்ப் பருப்பு, நெத்திலி, உப்பு, சவர்க்காரம்.

"கடைக்காரன் ரெண்டு வெள்ளிய கூட்டிப் போட்டா இதக் காட்டித்தானே நாம சண்ட போடுவோம்? நாப்பத்தி ரெண்டாயிரம் வெள்ளிக்கு ஒரு கணக்கு வேணாமா?" என்றார்.

நான் இரும்புக் கடையில் நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவள். எனக்குத் தோன்றவில்லை, அம்மாவுக்குத் தோன்றியது. புத்தகத்தின் பின் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினோம். தேதி, மணி, எத்தனை கிலோமீட்டர், வெயிலா மழையா, புறப்பட்டு எத்தனை நிமிடத்தில் நின்றது, மறுபடி பிடிக்க எத்தனை நிமிடம் ஆனது, பட்டறையில் யார் என்ன சொன்னார்கள். நடந்து முடிந்த இரண்டையும் நினைவு மாறாமல் எழுதினேன்.

அக்டோபர் 2ஆம் தேதி மூன்றாவது தடவை. பெட்ரோலில் கோளாறு இருக்கலாம், வேறு ஸ்டேஷனில் ஊற்றிப் பாருங்கள் என்றார்கள். அப்போதுதான் அப்பா ஒன்று கேட்டார்.

"தம்பி, இன்னிக்கி நாங்க வந்தத ஒரு தாள்ல எழுதிக் குடு."

"ஒண்ணும் ரிப்பேர் பண்ணலியே அங்கிள், என்னத்த எழுதுறது?"

"பாத்தோம், ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலன்னு எழுது. அது போதும்."

அவன் தயங்கி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதிக் கொடுத்தான். பழைய இரண்டு வருகைகளுக்கும் அப்பா பிரதி கேட்டு வாங்கினார். அந்தத் தாள்களின் மதிப்பு அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

நான்காவது தடவையை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 22ஆம் தேதி இரவு. ஈப்போவில் துணி எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் அம்மாவும் அண்ணன் பிள்ளைகள் இருவரும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. அதை முந்துவதற்கு எதிர்ப்பாதையில் ஏறிய அந்த நிமிடம் எஞ்சின் நின்றுவிட்டது. எதிரே தூரத்தில் வெளிச்சம் வருகிறது. லாரி ஓட்டியவர் புண்ணியவான். நிலைமையைப் புரிந்துகொண்டு வேகத்தைக் கூட்டி முன்னால் போய் வழி விட்டார். இருந்த ஓட்டத்திலேயே காரை இடப் பக்கம் சாய்த்துப் புல்லில் நிறுத்தினேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா முருகா, முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை பட்டறையில் ஓர் உறுப்பை மாற்றினார்கள். அது என்ன என்று அப்பா எங்களுக்கு விளக்கினார். எஞ்சினின் சுழல் தண்டு எவ்வளவு வேகத்தில், எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் அது.

"காலைல பெரட்டு நடக்கலன்னா கிராணி செக்ரோல் எழுத முடியுமா? ஆள் வந்தானா வரலியான்னே தெரியாதே. அது மாதிரிதான். இந்தச் சென்சார் சேதி சொல்லலன்னா, எஞ்சின் சுத்துறதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பெட்ரோலையும் நிறுத்திடும், நெருப்பையும் நிறுத்திடும்" என்றார்.

பதினேழு நாள் கார் ஒழுங்காக ஓடியது. நவம்பர் 13ஆம் தேதி மறுபடியும் நின்றது. 27ஆம் தேதி இன்னொரு தடவை. பிடிவாதமாகக் கிளம்பாததால் இழுவை லாரிக்கு 300 வெள்ளி அழுதோம். முந்தைய தடவை 280.

அதற்குள் பக்கத்து வீட்டார் பேச ஆரம்பித்துவிட்டார்கள். திருஷ்டி என்றார் ஒருவர். நம்பர் ராசியில்லை என்றார் இன்னொருவர். தூரத்து மாமா ஒருவர், "தவணையக் கட்டாத. காரு சரியில்லன்னா எதுக்குக் கட்டணும்? அப்பத்தான் வழிக்கு வருவானுங்க" என்று அழுத்திச் சொன்னார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நல்லவேளை, எங்கள் முதலாளியம்மாவிடம் கேட்டேன். அவர் சீனப் பெண்மணி, விவரம் தெரிந்தவர். அந்தத் தப்பை மட்டும் செய்யாதே என்று தலையில் அடித்துக்கொண்டார். காரை விற்றது கடை. கடன் கொடுத்தது வங்கி. கடன் முடியும்வரை காரின் உரிமை வங்கியிடம்தான். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு மாதத் தவணை தவறினால் போதும். 21 நாள் கெடு வைத்து வங்கி நோட்டீஸ் அனுப்பலாம், அதன் பிறகு காரை இழுத்துக்கொண்டு போகலாம். காரின் விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால்தான் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொட முடியாது. நாங்களோ நாலு மாதம்கூடக் கட்டி முடிக்கவில்லை. மாமா சொன்னபடி செய்திருந்தால் காரும் போய், அப்பாவின் 6,000 வெள்ளியும் போய், என் பெயரும் கெட்டிருக்கும்.

வேறு என்னதான் வழி என்று கேட்டேன். மலாயில் திரிபுனால் என்கிறார்களே, பயனீட்டாளர் நடுவர் மன்றம், அதைப் பற்றி அவர்தான் சொன்னார். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. மனுக் கட்டணம் ஐந்தே வெள்ளி. வக்கீல் வைக்கத் தேவையில்லை. இரு தரப்பும் தாமே பேச வேண்டும். முன்பு 25,000 வெள்ளி வரைதான் கோர முடிந்தது. 2019ஆம் ஆண்டில் அதை 50,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். குறை ஏற்பட்டு மூன்று வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும்.

வாங்கிய பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் உத்தரவாதம். கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் வாரண்டி வேறு. சட்டம் கொடுக்கும் உத்தரவாதம் வேறு. குறையிருந்தால் நியாயமான காலத்துக்குள் அதைச் சரிசெய்து கொடுக்கும்படி கேட்கலாம். குறை பெரிதாக இருந்தால் பொருளையே வேண்டாம் என்று திருப்பவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு வந்து திருப்ப முடியாது. அதற்கும் நியாயமான காலம் உண்டு.

மனுவை நிரப்பும் இரவில் அப்பா 555 புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இதப் பாரு. ஆறு தடவையும் பொறப்பட்டு நாப்பது நிமிஷத்துக்கு மேலதான் நின்னிருக்கு. நீ வேலைக்குப் போற வழியில ஒரு தடவகூட நிக்கல. ஏன்னா, அது பதினஞ்சு நிமிஷ ஓட்டம். எஞ்சின் நல்லா சூடேறினாத்தான் சாவுது, ஆறினா பொழைக்குது. பட்டறைக்கு நாம கொண்டு போறப்ப ஆறிப் போயிருக்கு. அவன் மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

பட்டறையில் பார்த்தால் குறை தெரியாததன் இரகசியம் அன்றுதான் விளங்கியது. பேய் இல்லை, திருஷ்டி இல்லை, சூடு!

முன்மூடியைத் திறந்து தாமே கையை விட்டுப் பார்க்க அப்பாவுக்குத் துடிப்பு. நான்தான் தடுத்தேன். வெளியாள் கை வைத்தார் என்று வாரண்டியை மறுத்துவிட்டால் என்ன செய்வது? முப்பத்தோரு வருடம் இயந்திரத்தைத் தொட்ட கைகளைக் கட்டிக்கொண்டு அவர் அந்த இரண்டு மாதம் இருந்தது சாதாரணப் பொறுமை இல்லை.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஈப்போவில் விசாரணை. நீதிமன்றம் என்றதும் அம்மாவுக்குப் பயம். போய்ப் பார்த்தால் அது ஒரு மேசையும் நாற்காலிகளும் போட்ட அறை. நடுவர் ஒரு மலாய்ப் பெண்மணி. எதிர்த் தரப்பில் பட்டறை மேலாளரும் எங்களுக்குப் பழக்கமான அந்தத் தம்பியும் வந்திருந்தார்கள். மேலாளர் கோப்பைத் திறந்து, எங்கள் கணினியில் பழுது எதுவும் பதிவாகவில்லை என்றார்.

நான் ஆறு தாள்களையும் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் அவர்கள் கையெழுத்து. ஒவ்வொன்றிலும் வேறு வேறு காரணம். ஒரே நோய்க்கு இத்தனை மருந்து எழுதினால் நோய் தெரியவில்லை என்றுதானே பொருள்? பிறகு 555 புத்தகத்தைக் கொடுத்தேன். நடுவர் முன்பக்கத்தைத் திறந்து விட்டார். நெத்திலி அரைக் கிலோ என்று இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் புன்னகையோடு திருப்பிப் பிடித்து, ஒரு வரி விடாமல் படித்தார். யார் எழுதியது, ஏன் நிமிடக் கணக்கு என்று கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார். அவருடைய மலாய், தோட்டத்து மலாய். ஆனாலும் தடுமாறவில்லை.

"பீலா பானாஸ், டியா மாத்தி. பீலா செஜுக், டியா ஹீடுப்" என்றார். சூடானால் சாகிறது, குளிர்ந்தால் உயிர் வருகிறது; ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட விட்டு, சூடாக இருக்கும்போதே பாருங்கள்; சென்சாருக்குப் போகும் ஒயரைப் புகைக் குழாய்ப் பக்கம் தேடுங்கள்; முதல் நாளே கருகிய வாடை வந்தது. இவ்வளவுதான் அவர் பேசியது. இரண்டு நிமிடம் இருக்கும்.

மேலாளர் அந்தத் தம்பியைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, முதல் நாளே அங்கிள் வாடையைப் பற்றிச் சொன்னது உண்மை என்றான். அதைச் சொல்ல அவனுக்கும் துணிச்சல் வேண்டும் அல்லவா?

அப்படியானால் சோதித்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நடுவர் வேறு தேதி கொடுத்தார். அடுத்த வாரம் அப்பாவை நிற்க வைத்துக்கொண்டே பட்டறையில் எஞ்சினை ஓட விட்டார்கள். ஐம்பத்திரண்டாவது நிமிடம் நின்றது. காரை உயர்த்தி, விளக்கடித்துப் பார்த்தார்கள். சென்சாருக்குப் போகும் ஒயர்க் கட்டைப் பிடித்து நிறுத்தவேண்டிய ஒரு பிளாஸ்டிக் கிளிப் இல்லை. அதனால் ஒயர் தொய்ந்து, புகைக் குழாயை உரசி, மேலுறை உருகிச் செம்பு தெரிந்தது. சூட்டில் தொய்ந்து இரும்பைத் தொடும்போது சேதி அறுந்து எஞ்சின் நிற்கும், ஆறியதும் விலகிக்கொள்ளும். சென்சாரை மாற்றியபோது ஒயர் கொஞ்சம் நகர்ந்ததால் பதினேழு நாள் தப்பியிருக்கிறது.

சில காசு பெறாத ஒரு கிளிப். அதற்காக ஐந்து உயிர் சாலையில் போக இருந்தது.

இரு தரப்பும் இணங்கியதை நடுவர் தீர்ப்பாகவே பதிவு செய்தார். ஒயர்க் கட்டு முழுவதையும் சென்சாரையும் புதிதாக மாற்றித் தர வேண்டும். இழுவை லாரிக்கு 580, டாக்சிக்கு 160, என் சம்பள இழப்புக்கு 400, ஆக 1,140 வெள்ளி கொடுக்க வேண்டும். காரையே திருப்பியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். குறை இன்னதென்று தெரிந்து, அது தீர்ந்தும் விட்டது. அப்பாவும் போதும் என்றார்.

காரை எடுத்து வரும் நாளில் அந்தத் தம்பி வாசல்வரை வந்தான்.

"அங்கிள், அன்னிக்கே நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும். எங்கப்பாவும் தோட்டத்து ஆளுதான்" என்றான்.

"பரவால்ல தம்பி. மெஷின் சொல்றதையும் கேளு, ஆள் சொல்றதையும் கேளு" என்று அவன் தோளைத் தட்டினார் அப்பா. திரும்பி வரும்போது அவர் சன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்.

சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி மகளிடம் இதைச் சொன்னேன். அங்கே 2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து ‘லெமன் லா’ என்ற ஒன்று நடப்பில் இருக்கிறதாம். வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அது இருந்தது என்று எடுத்துக்கொள்வார்களாம். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. நாங்கள் ஆறு தடவை சாலையில் நின்று காட்ட வேண்டியிருந்தது. எந்த ஊர்ச் சட்டமாக இருந்தாலும், கையில் எழுத்து இருந்தால்தான் பேச முடியும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் கார் இல்லாமல் இருக்கலாம். தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளோ, சலவை இயந்திரமோ, பிள்ளைகளின் கைத்தொலைபேசியோ இருக்கும். குறை வந்தால் தலையில் எழுதியது என்று இருந்துவிடாதீர்கள். கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். ஒன்றும் இல்லை என்றால், ஒன்றும் இல்லை என்றே எழுதித் தரச் சொல்லுங்கள். தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் மோந்து சொல்வதையும் தொட்டுச் சொல்வதையும் பழங்காலப் பேச்சு என்று தள்ளாதீர்கள்.

கார் இப்போது 70,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. அம்மாவின் கண்ணும் நன்றாக இருக்கிறது. அந்தப் பழைய 555 புத்தகத்தை அப்பா, சேமநிதித் தாள்களோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டார். கடைப் பாக்கிக்குப் புத்தகம் இல்லை என்று அம்மா சத்தம் போட்டு, மறுநாளே புதிதாக ஒன்று வாங்கி அதே ஆணியில் மாட்டினார். அதிலும் பின் பக்கம் சில தாள்களை எழுதாமல் விட்டு வைத்திருக்கிறார்.